வலித்தது இடது கால்

கெண்டைக்கால் தசை கிழிந்து வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். "யாரோ பின்னாலிருந்து கல்லால் அடிச்ச மாதிரி இருந்துச்சு. திரும்பிப் பார்த்தா யாரும் இல்லை." பஸ்ஸைப் பிடிக்க ஓடியவர், ஷட்டில் ஆடியவர், திருமலைப் படிகளை வேகமாக இறங்கியவர், எல்லோருக்கும் இதே பேச்சுதான். தசை திடீரென்று கிழியும்போது அது வெளியிலிருந்து விழுந்த அடியாகவே உணரப்படும். அதனால் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். பிசியோதெரபிஸ்டாக நான் வேலை பார்த்த காலம் முழுக்க இதைக் கேட்டிருக்கிறேன். யாரும் இல்லை என்று சொல்லாதவள் ஒருத்திதான்.

போன மாதம் எங்கள் ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு கேமரா வந்திருக்கிறதென்று இப்போது அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். நோயாளி அதன் முன்னால் நடந்தால் போதும். இடுப்பு எவ்வளவு சாய்கிறது, முட்டி எவ்வளவு மடங்குகிறது எல்லாம் திரையில் கோடு கோடாக ஓடுகிறது. "மேடம், இது இல்லாம எப்படி மேடம் பார்த்தீங்க?" என்று ஒரு பெண் கேட்டாள். கண்ணால் பார்த்தோம், கையால் தொட்டோம், காதால் கேட்டோம் என்று சொல்லிவிட்டு வந்தேன். காதால் கேட்டதில் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. சாப்பாட்டு வேளையில் சொல்லக்கூடிய விஷயமில்லை அது.

நான் சித்தூர்க்காரி. எங்கள் கிறிஸ்தவ சபையில் அந்தக் காலத்தில் பெண் பிள்ளைகள் படித்தால் ஒன்று டீச்சர், இல்லையென்றால் நர்ஸ். என் நைனா லாரி ஷெட்டில் மெக்கானிக். தூக்கவே முடியாத இன்ஜினை ஜாக்கி வைத்துத் தூக்குகிறவர். நான் பிசியோதெரபி படிக்கிறேன் என்றதும் "அதுவும் ரிப்பேர் வேலதானே, படி" என்று சொல்லிவிட்டார். வேலூரில் படித்தேன், திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. காலை ரயிலில் ஏறி, பாகாலாவில் இன்ஜின் மாற்றும்வரை காத்திருந்து, ஜன்னலோரம் தூங்கி, அப்படியே பல வருஷம் ஓடியது.

வேலையைக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் துறைத் தலைவர் மாதவராவ் சார். ஒல்லியான மனிதர். தெலுங்குக்காரர். என்னோடு தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவார். நோயாளி உள்ளே வந்ததும் நாம் எல்லோரும் முகத்தைத்தான் பார்ப்போம். சார் பார்க்கமாட்டார். வராந்தாவின் கடைசியில் குட்டை ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, செருப்பைக் கழற்றச் சொல்லி, தன்னை நோக்கி நடந்து வரச் சொல்வார். பிறகு திரும்பிப் போகச் சொல்வார். சில நேரம் கண்ணையும் மூடிக்கொள்வார். "முகம் நீ பாரு. காலு நான் பாக்கறேன்" என்பார் என்னிடம்.

நான் சேர்ந்த புதிதில் ஓட்டல் சமையல்காரர் ஒருவர் வந்தார். கெண்டைக்கால் வலி, தசைப்பிடிப்பு, நீவிவிட்டால் போய்விடும் என்று யாரோ அனுப்பியிருந்தார்கள். சார் அவருடைய இரண்டு கால்களிலும் புறங்கையை வைத்தார். வைத்த கையை எடுக்காமலே என்னிடம், "இதை நீவக் கூடாது. கையே வெக்காதே. ஸ்ட்ரெச்சர் சொல்லு" என்றார். குரலை உயர்த்தவில்லை. காலில் ரத்தம் உறைந்திருந்தது. நீவியிருந்தால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போயிருக்கும். அந்த மனிதர் பிழைத்தார். அன்றிலிருந்து இன்றுவரை, ஒரு காலைத் தொடும் முன் இன்னொரு காலையும் தொட்டுச் சூட்டை ஒப்பிட்டுப் பார்க்காமல் நான் எதையும் செய்ததில்லை.

தேவகி வந்தது நான் ஓய்வுபெறச் சில வருஷங்கள் இருக்கும்போது. மாதவராவ் சார் ஓய்வுபெற்ற பிறகும் வாரத்தில் சில நாள் ஆலோசகராக வந்துகொண்டிருந்தார்.

முப்பதைத் தாண்டிய பெண். கல்யாணம் ஆகவில்லை. நகரி பக்கம் விவசாயக் குடும்பம். ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் அசெம்பிளி லைனில் நின்று வேலை. அம்மாவோடு திருப்பதியில் வாடகை வீட்டில் இருந்தாள், தினமும் கம்பெனி பஸ். கழுத்தில் அடையாள அட்டையோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு, இடது காலை நுனிவிரலில் ஊன்றி வந்தாள்.

"பஸ் கெளம்பிக்கினு இருந்தது மேடம். ஓடினேன். பின்னாலருந்து யாரோ கல்ல வுட்டு அடிச்சா மாதிரி இருந்துச்சு."

"திரும்பிப் பார்த்தா யாரும் இல்லை. அதானே?" என்றேன், சிரித்துக்கொண்டே.

"இல்ல மேடம். நின்னுக்கினு இருந்தாங்க."

"யாரு?"

அவள் தன் காலையே பார்த்தாள். "தெரிஞ்சவங்கதான்."

பக்கத்து வீட்டுக்காரர் யாராவது இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். குப்புறப் படுக்கவைத்து, பாதங்களைக் கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு, கெண்டைச் சதையைப் பிதுக்கிப் பார்த்தேன். பாதம் அசைந்தது, குதிகால் தசைநார் அறவில்லை. சூடு இரண்டு காலிலும் ஒன்றுதான். விரல்நுனியால் சதையின் உள்பக்கமாக மெல்ல இறங்கியபோது ஓரிடத்தில் சின்னப் பள்ளம் தட்டியது. அவள் பல்லைக் கடித்தாள். பாதிக் கிழிசல். பொறுமையாக இருந்தால் முழுதாகக் குணமாகிவிடும்.

முதலில் ஐஸ், கிரேப் பேண்டேஜ், காலைத் தலையணைமேல் உயர்த்தி வைப்பது. வலி தணிந்ததும் பாதத்தை மேலும் கீழும் அசைப்பது. அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு குதிகாலையும் தூக்கி நிற்பது. பிறகு ஒற்றைக் காலில். கடைசியாக, படியின் விளிம்பில் நின்று குதிகாலை மிக மெதுவாகக் கீழே இறக்குவது. இந்தக் கடைசியில்தான் எல்லோரும் அவசரப்படுவார்கள். தேவகி அவசரப்படவில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்தாள். பள்ளம் மறைந்தது. சதை கெட்டியானது. ஒற்றைக் காலில் என்னைவிட நன்றாக நின்றாள்.

ஒரு நாள் காலை அறையில் அடுத்த நோயாளிக்காகக் காத்திருந்தேன். வராந்தாவில் யாரோ வரும் சத்தம் கேட்டது. ஒரு கால் அழுத்தமாக விழுந்தது, அடுத்த கால் தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தது. நடுவில் கையால் தொடையை ஊன்றும் சின்ன இடைவெளி. எனக்கு அது நன்றாகத் தெரிந்த சத்தம். சிறு வயதில் போலியோ வந்தவர்களின் நடை. தொடையில் பலம் இல்லாததால், முட்டி மடங்கிவிடாமல் இருக்க ஒவ்வொரு அடிக்கும் கையால் தொடையைப் பின்னுக்குத் தள்ளுவார்கள். இப்போதெல்லாம் இப்படி யாரும் வருவதில்லையே, யாரோ வயதானவர் போல என்று எழுந்து வெளியே வந்தேன்.

வந்துகொண்டிருந்தது தேவகி.

ஸ்டூலில் மாதவராவ் சார் உட்கார்ந்திருந்தார். கண்ணைத் திறந்து அவளைத் தன் முன்னால் நிறுத்தினார். "ஏ காலம்மா நொப்பி?" எந்தக் கால் வலி என்று கேட்டார்.

தேவகி குனிந்து இடது காலைத் தொட்டுக் காட்டினாள்.

சார் என்னைப் பார்த்தார். அவள் இழுத்துக்கொண்டு வந்தது வலது கால்.

அன்று செய்யாத பரிசோதனை இல்லை. வலது தொடையில் முழு பலம் இருந்தது. நான் இரண்டு கையாலும் அழுத்தியும் அவள் முட்டியை மடக்க முடியவில்லை. சுத்தியல் தட்டினால் கால் சரியாக எகிறியது. நரம்பு டாக்டர் பார்த்தார். முதுகுத்தண்டை ஸ்கேன் எடுத்தோம். ஒன்றும் இல்லை. ஆனால் எழுந்து நட என்றால் கை தானாகப் போய் வலது தொடையில் உட்கார்ந்துகொண்டது.

சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அந்தம்மாவுக்கு ரெண்டு காலும் பாகா உந்தி. நல்லா இருக்கு. மூடோ காலு எவரிதோ அடுகு" என்றார். மூன்றாவது கால் யாருடையது என்று கேள். சொல்லிவிட்டு, வழக்கம்போல ஸ்டூலுக்குப் போய்விட்டார்.

கதவைச் சாத்திக்கொண்டு தேவகியிடம் கேட்டேன். "உங்க வீட்ல யாருக்காவது போலியோ இருக்கா?"

"இருந்துச்சு மேடம். எங்க அக்காவுக்கு. வசந்தா. போன மழைக்கு ஜுரத்துல போயிட்டா."

பிறகு எல்லாம் சொன்னாள். அம்மாவுக்குச் சர்க்கரையால் பார்வை முழுக்கப் போய்விட்டது. அம்மாவைப் பார்த்துக்கொண்டது வசந்தாதான். ஜுரம் முற்றிய பகலில் அம்மா பக்கத்து வீட்டுக்காரர் மூலமாகத் தேவகிக்குத் திரும்பத் திரும்ப போன் போடவைத்திருக்கிறாள். லைனில் நிற்கும்போது போன் லாக்கரில் இருக்கும். தேவகி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அதற்குப் பிறகு அம்மா அவளோடு பேசவில்லை. சரியாகச் சாப்பிடவும் இல்லை.

"காலு நொந்து, கட்டு போட்டுக்கினு ஊட்டுக்குப் போனேன்ல மேடம், அன்னிக்கு. இழுத்து இழுத்து உள்ள போறேன். அம்மா கட்டில்ல எழுந்து உக்காந்து, 'வந்துட்டியா வசந்தா'ன்னுச்சு. எனக்கு வாய் வரல. தட்டுல சோறு போட்டு எடுத்துக்கினு போனேன். முழுசா துன்னுச்சு மேடம். எத்தினி மாசம் கழிச்சி."

அதனால் நொண்டினாள். வாசலிலிருந்து கட்டில்வரை மட்டும், அக்கா நடந்ததுபோல, வலது காலை இழுத்து, தொடையில் கை வைத்து. அம்மா வசந்தாவிடம் ஊர்க்கதை பேசினாள். தேவகியைப் பற்றியும் பேசினாள். அவள் கல் நெஞ்சுக்காரி என்றாள். தேவகி பக்கத்தில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இப்ப வாசல்லருந்துதான்னு இல்ல மேடம். கம்பெனில நடக்கசொல்லயும் வருது. நான் பண்ணல. கை தானா போவுது." தன் வலது கையை யாருடையதோ போல மடியில் வைத்துப் பார்த்தாள். "பஸ்ஸுக்கு ஓடசொல்ல திரும்பிப் பாத்தேன்னு சொன்னேனே, நின்னுக்கினு இருந்தது எங்க அக்காதான். தொடையில கை வெச்சிக்கினு."

நான் ஜெபிக்கிறவள். ஆவி, பேய் என்றால் காதைப் பொத்திக்கொள்கிற வீட்டில் வளர்ந்தவள். துக்கம் உடம்பில் இறங்கி நடையையே மாற்றிவிடும் என்பதைப் புத்தகத்தில் படித்திருக்கிறேன், வேறு நோயாளிகளிடம் பார்த்தும் இருக்கிறேன். அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். மனநல டாக்டரைப் பார்க்கச் சொன்னேன், போனாள். ஆனால் நாள் போகப் போக நல்ல கால் கெட்டுக்கொண்டிருந்தது. வலது இடுப்பில் வலி ஆரம்பித்துவிட்டது. கம்பெனியில் உடல்தகுதி பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். நின்று வேலை செய்ய முடியாதென்றால் வேலையைவிட்டு எடுத்துவிடுவார்கள். அவள் சம்பளத்தில்தான் அந்த வீடு ஓடியது. "ஊட்டுக்குப் போய்ப் பாரு" என்றார் சார். மதிய வேளையில் போனேன்.

ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு சந்து. வெயிலில் தெருவே வெறிச்சோடிக் கிடந்தது. ஒரு அறை, பின்னால் சமையல்கட்டு, முன்னால் இரண்டு படி, சின்னக் கேட். அம்மாவின் பெயர் ரத்தினம்மா. கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுவிட்டு, டீக்குப் பால் வாங்கக் கடைக்குப் போனாள் தேவகி. அவள் காலடி தேய்ந்து தேய்ந்து தெருவில் மறையும்வரை ரத்தினம்மா பேசவில்லை.

பிறகு, "காலு டாக்டரம்மாதானே நீ?" என்றாள். "இவ நொண்டறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினு இருக்கறா. நான் பெத்தவ. கண்ணுதான் போச்சு. நான் துன்னணும்னு அவ அக்கா மாதிரி நடக்கறா. தெரியும்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. "தெரிஞ்சும் ஏம்மா வசந்தான்னு கூப்பிடறீங்க?"

"நான் தேவகியக் கூப்புடல யம்மா." சாதாரணமாகத்தான் சொன்னாள். "அவ பின்னாடி வருதே, அத்தக் கூப்புடறேன்."

சந்தில் ஒரு ஆட்டோ போனது. அந்தச் சத்தம் அடங்கியதும் அவளே தொடர்ந்தாள்.

"தேவகிக்கு வளையல் கெடையாது. கம்பெனில வுட மாட்டாங்க. வசந்தா கை நெறைய கண்ணாடி வளையல் போடுவா. தொடைய அழுத்தசொல்ல எல்லாம் கீழ சரிஞ்சி ஒரு சத்தம் வரும். இவ நடக்கறா, வளையல் சத்தம் வருது. அது யாருது, சொல்லு?"

காது ஏமாற்றும், துக்கத்தில் இருக்கிறவர்களுக்கு இப்படிக் கேட்கும் என்று பதில் தயார் செய்துகொண்டிருந்தேன். அதற்குள் கேட் திறந்தது. ஒரு கால் அழுத்தமாக, ஒரு கால் தேய்ந்து, படி ஏறி வந்தது. தொடையை ஊன்றும் அந்த இடைவெளியில், கண்ணாடி கண்ணாடியோடு உரசும் சத்தம் லேசாகக் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். தேவகியின் இடது கையில் பால் பாக்கெட். தொடைமேல் இருந்த வலது கையில் ஒன்றுமில்லை.

எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் கை வேலை தெரிந்த கை. பேசத் தெரியாதபோது தொடச் சொல்லிக்கொடுத்திருந்தார் சார். தேவகியைக் கட்டிலில் உட்காரவைத்தேன். அவளுடைய இடது காலைத் தூக்கி அம்மாவின் மடியில் வைத்தேன்.

"இங்க தொடுங்கம்மா. இங்கதான் கிழிஞ்சுது. இப்போ மூடிடுச்சு."

ரத்தினம்மாவின் விரல்கள் கெண்டைச் சதையில் இறங்கின. பிறகு வலது காலை வைத்தேன். அவள் கை தொடைவரை போய், சதையைப் பிடித்துப் பார்த்து, அப்படியே நின்றது. வசந்தாவின் கால் குச்சியாக இருந்திருக்கும். குளிப்பாட்டி, எண்ணெய் தேய்த்து வளர்த்த கை அல்லவா, அதற்குத் தெரியும்.

"இந்தக் காலு நல்லா இருக்கும்மா. இப்படியே நடந்தா கெட்டுப்போயிடும். வேலையும் போயிடும்" என்றேன்.

அந்தக் கை நீண்ட நேரம் மகளின் காலைவிட்டு எடுபடவில்லை. பிறகு ரத்தினம்மா முகத்தைத் தூக்கினாள். என் பக்கமும் இல்லை, தேவகி பக்கமும் இல்லை. கதவோரச் சுவரைப் பார்த்துப் பேசினாள்.

"வசந்தா. கேட்டுக்கினியா? அவ காலு மேல ஏறி நிக்காத. அவ சின்னவ. வேலைக்குப் போவணும், கண்ணாலம் காட்சி பாக்கணும். நான் இனிமே துன்றேன். நீ போம்மா."

தேவகி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அம்மா அவள் காலை மடியிலிருந்து மெல்ல இறக்கிவிட்டாள். "டாக்டரம்மாவுக்கு டீ போடு, போ" என்றாள்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தேவகி கம்பெனியின் பரிசோதனையில் தேறினாள். இடுப்பு வலி சில வாரப் பயிற்சியில் போனது. இப்போதும் ஸ்ரீ சிட்டிக்குத்தான் போய்வருகிறாள், பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறாள். சார் கேட்டபோது, அம்மா சாப்பிடுகிறாள், பெண் நேராக நடக்கிறாள் என்று மட்டும் சொன்னேன். அவரிடமும் சொல்லாதது இதுதான்.

அன்று அம்மா டீ போடச் சொன்னதும் தேவகி எழுந்தாள். கை தொடைக்குப் போகவில்லை. குதிகால் முதலில், பிறகு விரல்கள், இடது வலது இரண்டும் ஒரே அளவாக, சமையல்கட்டுக்குள் நடந்து போனாள். அடுப்பைப் பற்றவைக்கும் சத்தம் கேட்டது. என் வாழ்நாளில் அவ்வளவு அழகான நடையைப் பார்த்ததில்லை என்று தோன்றியது.

அப்போது கதவோரச் சுவரின் பக்கத்தில் ஒரு கால் அழுத்தமாக விழுந்தது. இன்னொரு கால் தேய்ந்தது. வாசலைத் தாண்டியது. முதல் படி. இரண்டாவது படியில் கொஞ்சம் நின்றது. பிறகு கேட்வரை போய், அதற்கப்பால் வெயிலுக்குள் தேய்ந்து தேய்ந்து போனது. வாசலில் வெளிச்சம் மட்டும்தான் இருந்தது. அந்த வெளிச்சத்தில் எதுவும் அசையவில்லை. நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிக்கொண்டு, அந்தச் சத்தம் போன வழியெல்லாம் நான் திரும்பிக்கொண்டிருந்தேன்.

தேவகி சமையல்கட்டிலிருந்து தலையை நீட்டினாள். "யாரு மேடம் வந்தது?"

"யாரும் வரல" என்றாள் ரத்தினம்மா. "பாலப் பாரு, பொங்கிடப் போவுது."

தேவகி உள்ளே போனதும், ரத்தினம்மா காற்றில் துழாவி என் மணிக்கட்டைப் பிடித்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"உன் நாற்காலி கிறீச்னு திரும்பிச்சே யம்மா. உனக்கும் கேட்டுச்சா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். படித்தவள், சபைக்குப் போகிறவள், அப்படித்தான் சொல்லியிருக்க வேண்டும்.

"கேட்டுச்சும்மா" என்றேன்.

அவள் என் கையை விடவில்லை. பார்வையில்லாத அந்தக் கண்களிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. "நல்லா நடந்து போனாளா?" என்று கேட்டாள்.